கரிசலில் ஐந்து ஏக்கர்: எதன்மேல் பணத்தைப் போடுவது?

தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டங்களில் கிணறில்லாத ஐந்து ஏக்கர் கரிசல் காட்டை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கைக்கு, நகைக் கடனாகவோ கூட்டுறவுக் கடனாகவோ வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை அனுப்பியதாகவோ மூன்று நான்கு லட்சம் ரூபாய் வந்தால், அதை நிலத்தில் எதன்மேல் போடுவது என்பது எளிதில் தீராத கேள்வி. பக்கத்துக் காட்டுக்காரர் ‘போர்’ போடச் சொல்வார். பால் சங்கத்தில் இருப்பவர் இரண்டு கலப்பினப் பசு வாங்கச் சொல்வார். ஒருங்கிணைந்த பண்ணையத் திட்டத்தில் சேர்ந்தால் பயிர், கறவை மாடு, ஆடு, கோழி, தேனீப் பெட்டி, மண்புழு உரம் என ஒரு தொகுப்பாகவே மானியம் கிடைக்கும். கைபேசியில் காணொளி பார்த்த இளைஞர் பரண்மேல் ஆடு வளர்ப்பதே லாபம் என்பார். ஒவ்வொருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரே நிலத்திலும் ஒரே தண்ணீரிலும் ஒரே குடும்பத்தின் உழைப்பிலும் இவை அனைத்தும் அடங்குவதில்லை.

இந்த வழிகளை நான் ஒப்பிடும் அளவுகோல் தண்ணீர்தான். அதிலும் குறிப்பாக, சித்திரையிலிருந்து புரட்டாசி வரையிலான ஆறு மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பது. மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடுகிறது. மார்கழிக்குப் பிறகு பெய்வது தற்செயல். 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மழைக்கும் இந்த மண்ணுக்கும் ஏற்ற சோளத்தையும் பருத்தியையும் பயறு வகைகளையும் தேடி வந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் இந்த வட்டாரத்தின் பயிர்க்காலம் ஏறத்தாழ தொண்ணூறு நூறு நாள்தான் என்பதே. மழைக்காலத்தில் சேர்த்ததை வைத்துக் கோடையைக் கடத்த முடிகிற வழியே இங்கே நிற்கும்.

முதலில், பலரும் முதலில் நினைக்கும் ஆழ்துளைக் கிணறு. நல்ல தண்ணீர் கிடைத்துவிட்டால் இதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை என்பதை மறுக்க வேண்டியதில்லை. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிகள் முழு மானியத்தில் கிடைக்கின்றன. விவசாய மின்சாரம் இலவசம். சூரிய சக்தி பம்புக்கும் மானியம் உண்டு. ஒரு ஏக்கரில் காய்கறியோ கொய்யாவோ வைத்து ஆண்டு முழுவதும் கையில் காசு பார்க்கலாம். ஆனால் துளையிடும் செலவுக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. கரிசல் வட்டாரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாகவே வருகிறது. உவர் நீரின் தீங்கு பயிர் வாடுவதோடு நிற்காது. அந்த நீரில் உள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுவதால், மழை நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும் கரிசலின் இயல்பே கெட்டு, நனைந்தால் பசையாகவும் காய்ந்தால் பாறையாகவும் இறுகிப்போகும். போரும் பொய்த்து, மானாவாரியாகக்கூட விளையாத நிலமாக அது மாறிவிடும் என்பதுதான் இந்த வழியின் மெய்யான ஆபத்து. போட்ட பணம் போனது அதற்கு அடுத்தது. எனவே துளையிடும் வண்டியைக் கூப்பிடுவதற்கு முன், அரை கிலோமீட்டர் சுற்றளவில் ஏற்கெனவே இருக்கும் போர்களின் தண்ணீரைச் சித்திரை மாதத்தில் பாட்டிலில் பிடித்து மண், நீர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். கார்த்திகையில் எடுத்த மாதிரி ஏமாற்றும். மழைக்குப் பின் எல்லாத் தண்ணீரும் இனிக்கும்.

இரண்டாவது வழி, வானத்திலிருந்து விழுவதையே நிலத்தில் தேக்கும் பண்ணைக்குட்டை. இதைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. முப்பது மீட்டர் நீளமும் முப்பது மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் கொண்டு, சரிவான கரைகளோடு வெட்டப்படும் குட்டை ஏறத்தாழ 1,570 கன மீட்டர், அதாவது பதினைந்தரை லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். அது 22 சென்ட் நிலத்தை விழுங்கும். கரையையும் சேர்த்தால் முப்பது சென்ட். ஐந்து ஏக்கரில் பருவமழை 400 மில்லிமீட்டர் பெய்தால் விழும் நீர் சுமார் 8,000 கன மீட்டர். அதில் ஆறில் ஒரு பங்கு வழிந்தோடிக் குட்டைக்கு வந்தாலும் சராசரி ஆண்டில் ஏறக்குறைய நிரம்பிவிடும். மழை குறைந்த ஆண்டில் அரைக் குட்டைதான்.

நிரம்பிய நீரைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதில்தான் பலர் தவறான எதிர்பார்ப்பு வைக்கிறார்கள். ஒரு ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட 200 கன மீட்டர் வேண்டும். இந்த வெயிலிலும் காற்றிலும் குட்டையின் மேற்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாவதாக வைத்தால், மாதத்துக்கு 135 கன மீட்டர் சும்மாவே போய்விடும். ஆகவே குட்டையை நம்பி இரண்டாம் போகம் என்பது நடக்காத காரியம். நடக்கக்கூடியது வேறு: மார்கழிக் கடைசியில், பயிர் பூத்துக் காய் பிடிக்கும் சமயத்தில் மழை நின்றுபோகும்போது, டீசல் இன்ஜினும் மழைத்தூவானும் வைத்து முழு நிலத்துக்கும் ஒரு முறை நனைப்பு கொடுப்பது. உளுந்தும் பாசிப்பயறும் சோளமும் கரிசலில் பொய்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி இருபது நாளில்தான் என்பதால், அந்த ஒரு நனைப்பின் மதிப்பு பெரிது. முழு விளைச்சலுக்கும் பாதி விளைச்சலுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பல ஆண்டுகளில் அதுவே தீர்மானிக்கிறது. குட்டை வெட்டும்போது அடியில் சுக்கான் எனும் சுண்ணாம்புக் கல் அடுக்கு தட்டுப்பட்டால் நீர் கசியும்; அப்படியானால் பாலித்தீன் விரிப்புச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும்.

குட்டையில் மீனும் வளர்க்கலாமே என்று கேட்பார்கள். கட்லா, ரோகு போன்ற கெண்டை வகைகள் விற்கும் எடைக்கு வர எட்டுப் பத்து மாதம் ஆகும். இங்கே தண்ணீர் நிற்பதோ ஐந்து மாதம். தண்ணீர் பயிருக்கு மிகத் தேவைப்படும் தை மாதத்தில் மீனுக்கும் அது வேண்டும். வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் குஞ்சு விடலாம். அதற்கு மேல் வருமானக் கணக்கில் மீனை எழுதக் கூடாது.

மூன்றாவது, கறவை மாடு. பத்து நாளுக்கொரு முறை பால் பணம் கையில் வரும் என்பதால் வீட்டுப் பெண்கள் இதையே விரும்புகிறார்கள். அந்த விருப்பத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. மானாவாரி விவசாயத்தில் பணம் ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. மளிகைக் கடையும் பள்ளிக்கூடமும் மாதந்தோறும் கேட்கின்றன. ஆனால் மாடு குடிக்கும் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு, அது தின்னும் தண்ணீரைப் பார்க்காமல் விடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. ஒரு கலப்பினப் பசு குடிக்கவும் கழுவவும் நாளொன்றுக்கு நூறு லிட்டர் என்று வைத்தாலும் மாதத்துக்கு மூன்று கன மீட்டர்தான். அதற்கு வேண்டிய 25 முதல் 30 கிலோ பசுந்தீவனத்தை விளைவிக்கத்தான் தண்ணீர் கரைகிறது. இரண்டு மாட்டுக்காக 25 சென்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப் புல் போட்டு, பத்து நாளுக்கொரு முறை ஐந்து சென்டிமீட்டர் பாய்ச்சினால் மாதத்துக்கு 150 கன மீட்டர் ஆகும். ஆவியாவதையும் சேர்த்தால் மாதத்துக்கு 285. நிரம்பிய குட்டை ஐந்தரை மாதத்தில் தரை தட்டும். மார்கழியில் தொடங்கினால் வைகாசியில் வறண்டுவிடும். அதன்பின் புரட்டாசி முடிய, கறவையின் பசி தீரப் பசுந்தீவனத்தையும் வைக்கோலையும் அடர்தீவனத்தையும் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். பால் விலை நம் கையில் இல்லை; தீவன விலையும் இல்லை. பயிருக்கான உயிர்நீரும் இதற்குள் போய்விட்டிருக்கும். நல்ல தண்ணீருள்ள கிணறு உள்ளவருக்குக் கறவை மாடு சிறந்த வழி. குட்டையை மட்டும் நம்பியிருப்பவருக்கு அது கடன்.

நாட்டு மாடு ஒன்றை வீட்டுப் பாலுக்கும் சாணத்துக்கும் வைத்துக்கொள்வதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அது கதிர் அறுத்த சோளத் தட்டையைத் தின்று வாழும்.

நான்காவது ஆடு, என் பார்வையில் இந்த ஐந்து ஏக்கருக்கு மிகவும் பொருந்துவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம். இந்த மண்ணுக்கென்றே உருவான வெள்ளாட்டு இனங்கள் இரண்டு உண்டு. ஒன்று கன்னி ஆடு: கறுப்பு உடம்பில் முகத்தின் இருபுறமும் கோடு ஓடும், கோடு வெள்ளையாக இருந்தால் பால் கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. மற்றது கொடி ஆடு: உயரமாக, வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு இருந்தால் கரும்போரை, சிவப்புத் திட்டு இருந்தால் செம்போரை. இரண்டும் நெடுந்தூரம் நடந்து மேயும், வெயில் தாங்கும், பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். செம்மறியில் இதே வட்டாரத்து வேம்பூர் ஊரின் பெயரையே தாங்கிய வேம்பூர் ஆடும் உண்டு. ஆனால் செம்மறி புல்லை நம்பியது. வெள்ளாடோ வேலியோரத்து முள்ளிலும் இலையிலும் நெற்றிலும் வயிறு நிரப்பிக்கொள்ளும். அதனால் கோடையைக் கடக்க வெள்ளாடே எளிது.

இருபது பெட்டை, ஒரு கிடா என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆடும் சேர்ந்து குடிப்பது நாளொன்றுக்கு நூறு லிட்டர், மாதத்துக்கு மூன்று கன மீட்டர். குட்டையிலிருந்து ஆவியாகிப் போவதில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. தீவனமாக ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ உலர்பொருள் என்று கொண்டால், மேய்ச்சல் குறைந்த ஆறு மாதத்துக்கு 3.6 டன் தேவை. இரண்டு ஏக்கர் மானாவாரிச் சோளத்தில், நடுத்தர மழை ஆண்டில், ஏறக்குறைய இவ்வளவு தட்டை கிடைத்துவிடும். தட்டையில் புரதம் குறைவு. அதை உளுந்துப் பொட்டும், பாசிப்பயற்றுக் கொடியும், கோடையில் உதிரும் கருவேல நெற்றும் ஈடுகட்டும். மேற்கொண்டு, அரை ஏக்கரில் கொழுக்கட்டைப் புல்லையும் முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனத்தையும் கலந்து ஒரு முறை விதைத்துவிட்டால், பாசனமில்லாமல் மழைக்கு மழை தழைத்துச் சில ஆண்டுகள் நிற்கும். பயிரில் நமக்கு வேண்டாததை ஆடு தின்ன, ஆட்டின் புழுக்கை மண்ணுக்குத் திரும்ப, இரண்டுக்கும் தண்ணீர்ப் போட்டி இல்லாமல் இருப்பதைத்தான் வறண்ட நிலத்தில் ஒருங்கிணைப்பு என்று சொல்லலாம். உறுப்புகளின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் பண்ணை ஒருங்கிணைந்துவிடாது.

இந்தத் தீவனக் கணக்கு, எந்தப் பயிர் போடுவது என்ற கேள்வியையும் தொடுகிறது. கரிசலில் இப்போது பரவலாக இருப்பது மக்காச்சோளம். நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவன ஆலைகளுக்கு உடனே விற்கிறது என்பது அதன் பலம். 2018இல் வந்த படைப்புழுவும், இரவில் இறங்கும் காட்டுப்பன்றியும், நூறு நாளைத் தாண்டும் வயதும் அதன் பலவீனங்கள். ஐந்து ஏக்கரையும் மக்காச்சோளத்துக்கே கொடுப்பதைவிட, இரண்டு ஏக்கர் சோளம் அல்லது கம்பு, இரண்டு ஏக்கர் உளுந்து, பாசி என்று பிரிப்பது வீட்டுக்கும் ஆட்டுக்கும் ஒருசேரப் பயன்படும். மழை பொய்த்த ஆண்டில் சோளம் கதிர் வாங்காவிட்டாலும் தட்டையாவது மிஞ்சும். ஓர் எச்சரிக்கை: மழையில்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் ஆட்டை விடக் கூடாது. அதில் சேரும் நச்சு, மேய்ந்த சில நிமிடங்களிலேயே ஆட்டைச் சாய்த்துவிடும். பயிர் பூத்த பிறகோ, அறுத்துக் காயவைத்த பிறகோ கொடுத்தால் அந்த அச்சம் இல்லை.

ஆட்டுக்குச் சந்தை தேட வேண்டியதில்லை. எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு வெளிமாவட்ட வியாபாரிகளே வருகிறார்கள். தீபாவளி, பக்ரீத், ஊர்க் கோயில் கொடை என விலை ஏறும் நாள்கள் முன்கூட்டியே தெரிந்தவை. குட்டிகள் அந்த வாரத்தில் விற்கும் எடைக்கு வரும்படி கிடாவைச் சேர்க்கும் மாதத்தைத் தள்ளியோ முன்னெடுத்தோ வைத்துக்கொள்ளலாம். மேலும், ஆடு எப்போது வேண்டுமானாலும் காசாக மாறும் சேமிப்பு. மருத்துவச் செலவு வந்தால் அரைப் பசுவை விற்க முடியாது; இரண்டு கிடாக் குட்டியை விற்கலாம்.

குறைகளும் உண்டு. முதலாவது, மேய்க்க ஆள். தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குப் போகும் இளையவர்கள் ஆட்டின் பின்னால் நடக்க வருவதில்லை. மேய்ப்பு வீட்டில் உள்ள முதியவர் தலையிலும் பெண்கள் தலையிலும் விழுகிறது. இருபது ஆட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் காரணம். இரண்டாவது, நோய். ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்குப் பின் இளம்புல்லை மேய்வதால் வரும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி இருக்கிறது; கால்நடை மருந்தகத்தில் தேதி தவறாமல் போட்டு, மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு நீக்கம் செய்யாதவர் ஆடு வாங்கவே வேண்டாம். மூன்றாவது, ஆசை. பரண் கட்டி, வெளிமாநில இனத்தை அதிக விலைக்கு வாங்கி, எல்லாத் தீவனத்தையும் அறுத்துப் போட்டு வளர்க்கும் முறை தண்ணீருள்ள இடத்துக்குரியது. தரை மழையில் நனையாதபடி உயர்த்திய எளிய கொட்டகை போதும். லட்சக்கணக்கில் செலவழித்துப் பரண் கட்டினால் கன்னி ஆட்டின் இயல்பான சிக்கனம் முழுவதும் அந்தப் பலகைகளுக்கே போய்விடும்.

மர வளர்ப்பை ஐந்தாவது வழியாகச் சொல்லலாம். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பழ மரங்களில் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது. நெல்லி, இலந்தை, சீத்தா, புளி எல்லாம் கரிசலிலும் அதை ஒட்டிய செவல் மண்ணிலும் வரும். ஆனால் முழு நிலத்தையும் மரத்துக்குக் கொடுத்தால் நான்கைந்து ஆண்டுகள் வருமானமில்லை. கடன் வாங்கிய குடும்பம் அத்தனை நாள் காத்திருக்க முடியாது. ஆடும் இளம் மரக்கன்றும் ஒரே காட்டில் வாழாது என்பதும் உண்மை. விதிவிலக்கு சீத்தா: அதன் இலையை ஆடு தொடுவதில்லை. ஆகையால் குட்டைக் கரையிலும் வரப்பிலும் ஏபிகே 1 என்ற ரகச் சீத்தாவை வைத்து, முதல் இரண்டு கோடையில் கன்றின் பக்கத்தில் புதைத்த மண்பானை வழியாகத் தண்ணீர் காட்டினால், தனியாக நிலம் ஒதுக்காமலேயே ஒரு வருமானம் தொடங்கும். வேம்பும் வாகையும் வெள்வேலும் எல்லையோரத்துக்கு. கோழி பத்து வளர்ப்பதற்கு ஒப்பீடு தேவையில்லை, வளர்க்கலாம். தேனீப் பெட்டி சூரியகாந்தியும் கொத்தமல்லியும் பூக்கும் சில வாரங்களுக்கு மட்டுமே உதவும். மானியத்தில் வருகிறது என்பதற்காக வாங்க வேண்டாம்.

வறட்சியை மட்டும் நினைத்துத் திட்டமிடுவதும் போதாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாளில் குட்டையின் வடிகால் சரியில்லாவிட்டால் கரை உடைந்து பக்கத்து நிலத்தையும் அடித்துக்கொண்டு போகும். நீர் உள்ளே வரும் வாயில் ஒரு வண்டல் தொட்டியும், வெளியேறும் வாயில் கல் பதித்த கலிங்கும் செலவுப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆட்டுக் கொட்டகை நிலத்தின் மேட்டுப் பகுதியில் அமைய வேண்டும்; குட்டை பள்ளத்தில் அமையும் என்பதால் இரண்டும் ஒரே மூலையில் வராது.

தனிக் குடும்பத்தின் முடிவாக இதுவரை பேசியதில் ஒரு பகுதி ஊரின் கையில் இருக்கிறது. அறுவடைக்குப் பின் மாசியிலிருந்து ஆவணி வரை எல்லார் காட்டிலும் எல்லார் ஆடும் மேயலாம் என்ற பழைய வழக்கம் இருக்கும் வரையில்தான் இருபது ஆட்டை ஐந்து ஏக்கர் தாங்கும். ஒவ்வொருவராகக் கம்பிவேலி போட்டுத் தோப்பு வைத்தாலோ, மேய்ச்சல் புறம்போக்கும் தரிசும் காற்றாலைக்கும் சூரிய மின் நிலையத்துக்கும் குத்தகைக்குப் போனாலோ, ஆட்டின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டிவரும். இதைக் கிராம சபையில் பேசாமல் தனித்தனியே ஆடு வாங்குவது சரியல்ல. கண்மாய் வண்டலும் அப்படித்தான்: வட்டாட்சியர் அனுமதியோடு பத்துப் பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் வண்டியடித்தால் செலவு குறையும், கண்மாயும் ஆழப்படும், ஊருணி நிறைந்தால் கோடையில் ஆட்டுக்குக் குடிநீருக்கு அலைய வேண்டாம்.

செலவின் வரிசையை இப்படி வைக்கலாம். முதல் கோடையில், அதாவது வைகாசிக்குள், குட்டையும் வரப்பும் கலிங்கும். மழைக்கு முன் வரப்பில் சீத்தாக் கன்று. புரட்டாசியில், மழைக்கு முன்பே விதைத்துவிடும் முன்பருவ விதைப்பு. தட்டையும் பொட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாசியில்தான் முதல் எட்டு ஆடு. தீவனப் படப்பு இல்லாமல் சித்திரையில் ஆடு வாங்குவது வாங்கிய விலைக்கே விற்கும் நிலைக்குக் கொண்டுபோகும். குட்டிகள் மூலமாகவே மூன்றாம் ஆண்டில் இருபதை எட்ட விடலாம். கையில் வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தொடாமல் வைத்துக்கொள்வது, மழை பொய்க்கும் ஆண்டில் தீவனம் வாங்க உதவும். சித்திரைத் தண்ணீர் ஆய்வில் நல்ல நீர் என்று முடிவு வந்தால் மட்டும் இந்த வரிசை மாறும்: அப்போது குட்டையை அரை அளவில் வெட்டி, மீதியைப் போருக்கும் அரை ஏக்கர் தீவனப் புல்லுக்கும் ஒரு பசுவுக்கும் ஒதுக்குவதில் நியாயம் உண்டு.